உலோக நஞ்சும் தாவர முறிவும்

நஞ்சு என்றால் முறிவும் உடன் இருக்க வேண்டும் என்பது நம் மக்களின் நெடுநாள் நம்பிக்கை. பாம்புக் கடிக்கு ஒரு வேர், பூச்சிக் கடிக்கு ஓர் இலை, ஒவ்வாத உணவுக்கு ஒரு கஷாயம் என்று ஊருக்கு ஊர் முறிவு மருந்துகள் வழங்கி வந்துள்ளன. அவற்றுள் சில பயன்படுவன, சில பயனற்றவை. ஆனால் காரீயம், பாதரசம், காட்மியம், ஆர்சனிக், குரோமியம் போன்ற உலோக நஞ்சுகளுக்கு முறிவு உண்டா? உண்டெனில் அது நம் வயலிலும் அடுக்களையிலும் கிடைக்கும் செடிகொடிகளில் இருக்கிறதா? இக்கேள்விக்கு விடை தேடிய முயற்சிக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு.

கொங்கு நாட்டினருக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. 13-ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட காளிங்கராயன் வாய்க்காலின் பாசனத்தில் மஞ்சள் விளைகிறது. அதே வாய்க்காலில் தோல் பதனிடும் ஆலைகளும் சாயப்பட்டறைகளும் கழிவு நீரை விடுகின்றன என்பது உழவர்களின் நெடுங்காலக் குறை. வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் கோவையையும் திருப்பூரையும் கடந்து காவிரியில் கலக்கும் நொய்யலின் கதையும் நாம் அறிந்ததே. 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை பாசன நீரைத் தேக்குவதற்குப் பதிலாகச் சாயக் கழிவைத் தேக்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. சாயக் கழிவின் முதற்கேடு உப்பு; உலோகம் அதில் சிறு பங்கே. ஆனால் மின்முலாம் பூசும் பட்டறைகளின் கழிவில் குரோமியம், நிக்கல், துத்தநாகம் முதலியவை நேராகவே கலந்து வரும். முறிவாகக் கருதப்படும் மஞ்சளும் நஞ்சாகிய உலோகமும் ஒரே மண்ணில் சந்திக்கும் நாடு நம்முடையது. எனவே இவ்விரண்டின் உறவை நாம் தெளிவாக அறிந்திருப்பது நல்லது.

எடையா நஞ்சு?

'கன உலோகம்' என்ற பெயரே சற்றுக் குழப்பம் தருவது. காரீயத்தின் அடர்த்தி நீரினுடையதைப் போல் 11.3 மடங்கு, பாதரசத்தினுடையது 13.6 மடங்கு. ஆனால் 19.3 மடங்கு அடர்த்தியுள்ள தங்கத்தைத் தாலியாக அணிகிறோம். அது யாரையும் கொல்வதில்லை. காட்மியமோ 8.65 மடங்கே, செம்பைவிடக் குறைவு. எனினும் கொடிய நஞ்சு. ஆர்சனிக் முழு உலோகமே அன்று. ஆகவே எடைக்கும் நச்சுத்தன்மைக்கும் நேர்த்தொடர்பு இல்லை. இச்சொல் பொருளற்றது என்று ஜான் டஃபஸ் என்ற அறிஞர் 2002-இல் பன்னாட்டு வேதியியல் கழகத்தின் இதழில் எழுதினார். எனினும் வழக்கில் ஊன்றிவிட்ட சொல்லாதலால் நாமும் அதையே வைத்துக் கொள்வோம்.

அப்படியானால் நஞ்சு எங்கே இருக்கிறது? அந்த உலோக அயனி எதனோடு பிணைய விரும்புகிறது என்பதில் இருக்கிறது. இதற்கான முதல் தடயம் மருத்துவத்திலிருந்து வரவில்லை, வேதியியலிலிருந்து வந்தது. 1830-களில் டென்மார்க்கைச் சேர்ந்த சைசே என்பவர், ஆல்கஹாலில் ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கந்தகம் அமைந்த ஒரு பொருளைக் கண்டார். நாற்றம் மிகுந்த அப்பொருள் பாதரசத்தோடு விரைந்து பிணைந்தது. 'பாதரசத்தைப் பிடிப்பது' என்ற பொருள் தரும் லத்தீன் சொற்களைச் சேர்த்து அதற்கு 'மெர்காப்டன்' என்று பெயரிட்டார். கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதிதான் அந்தப் பிடியைத் தருகிறது.

நம் உயிரணுக்களில் உள்ள புரதங்களிலும் இதே தொகுதி உண்டு. சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் அதைத் தாங்கி நிற்கிறது. பல நொதிகள் வேலை செய்வது அந்தக் கந்தக முனையால்தான். காரீயமோ பாதரசமோ காட்மியமோ உள்ளே நுழைந்தால் அம்முனையைப் பற்றிக்கொள்கிறது, நொதி முடங்குகிறது. பூட்டின் துளையில் தவறான சாவி முறிந்து மாட்டிக்கொண்டது போன்ற நிலை அது. இரத்தத்தின் சிவப்பு நிறமியை உருவாக்கும் தொடர்வினையில் ஒரு நொதிக்குத் துத்தநாகம் தேவை. காரீயம் அத்துத்தநாகத்தின் இடத்தைப் பிடித்துக் கொள்வதால் சோகை உண்டாகிறது. காரீயம் சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியத்தைப் போலவும் நடிக்கும். ஆதலால் எலும்பிலும் நரம்பு மண்டலத்திலும் குடிபுகும். வளரும் குழந்தையின் மூளைக்கு அதனால் விளையும் கேடு திரும்பச் சரிசெய்ய இயலாதது.

போர்க்களத்தில் பிறந்த மருந்து

இரண்டாம் உலகப்போரின்போது 'லூயிசைட்' என்ற ஆர்சனிக் நச்சுவாயுவைப் பகைவர் பயன்படுத்தக் கூடும் என்று பிரிட்டன் அஞ்சியது. ஆக்ஸ்ஃபோர்டில் வைட்டமின் பி-1 பற்றி ஆராய்ந்து வந்த ருடால்ஃப் பீட்டர்ஸ், ஸ்டாக்கன், தாம்ப்சன் ஆகியோரிடம் பணி ஒப்படைக்கப்பட்டது. ஆர்சனிக் புரதத்தில் அடுத்தடுத்துள்ள இரு கந்தக முனைகளைப் பற்றுகிறது என்று அவர்கள் உணர்ந்தனர். அப்படியானால் இரு கந்தக முனைகள் கொண்ட சிறு மூலக்கூறு ஒன்றைத் தந்தால், ஆர்சனிக் நொதியை விட்டுவிட்டு அதனிடம் வந்துவிடும் அல்லவா? இந்த எளிய எண்ணத்திலிருந்து பிறந்த மருந்தே 'டைமெர்காப்ரால்'. அதன் விவரம் 1945-இல் வெளியிடப்பட்டது. நீரில் நிலைத்து நில்லாத அம்மருந்தை நிலக்கடலை எண்ணெயில் கலந்தே ஊசி மூலம் செலுத்தினர். முதல் உலோக முறிவுக்கே ஒரு தாவரம் துணை நிற்க வேண்டியிருந்தது!

உலோக அயனியை இருபுறமும் இடுக்கிப் பிடிக்கும் இத்தகைய பிணைப்புக்கு, நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1920-இல் மார்கன், ட்ரூ ஆகியோர் ஒரு பெயர் வைத்திருந்தனர். நாம் அதைக் 'கொடுக்குப் பிணைப்பு' எனலாம். டைமெர்காப்ராலைத் தொடர்ந்து, காரீயத்துக்கு ஈ.டி.டி.ஏ. வந்தது. உடலில் செம்பு சேரும் வில்சன் நோய்க்குப் பெனிசிலமினைக் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜான் வால்ஷ் 1956-இல் புகுத்தினார். பின்னர் வந்த டி.எம்.எஸ்.ஏ. என்ற வாய்வழி மருந்து, காரீயம் ஏறிய குழந்தைகளுக்கென அமெரிக்காவில் 1991-இல் ஒப்புதல் பெற்றது.

இவை உயிர் காக்கும் மருந்துகளே. ஆயினும் குறையுடையவை. கொடுக்குக்கு நல்லது கெட்டது தெரியாது. காரீயத்தோடு துத்தநாகத்தையும் செம்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். சிறுநீரகத்துக்குத் தீங்கு, ஒவ்வாமை முதலிய பக்க விளைவுகளும் உண்டு. உயிரணுவின் உள்ளறைகளுள் சிக்கிய உலோகத்தைச் சில மருந்துகள் எட்டுவதே இல்லை. இக்குறைகளே அறிஞர்களின் பார்வையைத் தாவரங்களின் பக்கம் திருப்பின.

செடிகள் தம்மை எப்படிக் காத்துக்கொள்கின்றன?

விலங்குக்குக் காலுண்டு, கெட்ட நீரை விட்டு விலகிப் போகலாம். செடி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். வேரில் வரும் நீரில் காட்மியம் இருந்தால் அதையும் உறிஞ்ச வேண்டும். எனவே செடிகளிடம் ஏதேனும் காப்பு இருந்தாக வேண்டும் என்று எதிர்பார்ப்பது இயல்பே.

விலங்குகளின் காப்பு ஒன்று முன்னரே தெரிந்திருந்தது. 1957-இல் மார்கோஷஸ், வாலி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் குதிரையின் சிறுநீரகத்திலிருந்து காட்மியத்தைத் தாங்கிய ஒரு சிறு புரதத்தைப் பிரித்தனர். அதன் அமினோ அமிலங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று சிஸ்டீன். அதாவது அது கந்தகக் கொடுக்குகள் நிறைந்த ஒரு வலை. அதற்கு 'மெட்டலோதயோனின்' என்று பெயர் வந்தது.

தாவரத்தின் காப்பு 1985-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் வெளிப்பட்டது. கிரில், வின்னாக்கர், செங்க் ஆகிய மூவரும் ஒரு செடியின் உயிரணுக்களைக் குடுவையில் வளர்த்து, அதில் காட்மியத்தைச் சேர்த்தனர். உயிரணுக்கள் தாமே ஒரு புதிய பொருளை உற்பத்தி செய்து காட்மியத்தைக் கட்டிப்போட்டன. அப்பொருளுக்குப் 'பைட்டோகெலாட்டின்' என்று பெயரிட்டனர்; தாவரக் கொடுக்கு என்பது அதன் பொருள். அவர்கள் பயன்படுத்திய செடி எது தெரியுமா? நம் நாட்டுச் சர்ப்பகந்தி! இரத்த அழுத்தத்துக்கு ரிசர்ப்பின் என்ற மருந்தைத் தந்த அதே செடிதான்.

இந்தக் கொடுக்கு எதனால் ஆனது? 'குளூட்டாதயோன்' என்ற சிறு மூலக்கூறுகளின் கோவையால் ஆனது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஹாப்கின்ஸ் 1921-இல் பெயரிட்ட குளூட்டாதயோன், செடி முதல் மனிதன் வரை ஏறக்குறைய எல்லா உயிரணுக்களிலும் உள்ளது. அதிலும் ஒரு கந்தக முனை உண்டு. உயிரணு தன் சொந்தக் காவலுக்கு வைத்திருக்கும் படை அது. உலோக நஞ்சு ஏறும்போது முதலில் தீர்ந்து போவது இப்படையே. படை தீர்ந்ததும் ஆக்சிஜனின் வெறிகொண்ட வடிவங்கள் கட்டவிழ்ந்து, உயிரணுச் சவ்வுகளின் கொழுப்பைச் சிதைத்து, டி.என்.ஏ. இழைகளையும் முறிக்கின்றன. ஆகவே தாவரப் பொருள் ஒன்று நமக்கு உதவ மூன்று வழிகள் உண்டு: உலோகத்தைத் தானே பிடித்துக்கொள்வது, கட்டவிழ்ந்த ஆக்சிஜன் வடிவங்களை அடக்குவது, உயிரணுவின் சொந்தப் படையைப் பெருக்கத் தூண்டுவது. இனி வரும் ஆய்வுகளை இம்மூன்று வழிகளையும் மனத்திற்கொண்டு படித்தால் எளிதில் விளங்கும்.

வெங்காய வேரும் நெல்லிக்கனியும்

உலோகம் உயிரணுவுக்குள் செய்யும் கேட்டைக் கண்ணால் காண ஒரு வழி வேண்டும். அதைத் தந்தது வெங்காயம். சுவீடனின் லண்ட் நகரில் ஆல்பர்ட் லெவன் 1938-இல் வெங்காயத்தின் வேர்நுனியில் கால்ச்சிசின் என்ற பொருளின் விளைவை ஆராய்ந்து, அதையே ஒரு சோதனை முறையாக வளர்த்தார். பின்னர் உலோக உப்புகளையும் அதே முறையில் சோதித்தார். வெங்காயத்தின் அடியை நீரில் படுமாறு வைத்தால் சில நாளில் வேர் விடும். அவ்வேர்நுனியைச் சாயமேற்றி நசுக்கி நுண்ணோக்கியில் பார்த்தால், பிரியும் உயிரணுக்களின் குரோமோசோம்கள் தெரியும். நீரில் காரீய உப்போ காட்மிய உப்போ இருந்தால், முறிந்த, ஒட்டிக்கொண்ட, வழிதவறிய குரோமோசோம்கள் காணப்படும். நம் கல்லூரி மாணவர்கள் இன்றும் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது.

இடையே ஒரு சொல். கால்ச்சிசின் நம் கண்வலிக்கிழங்கில், அதாவது செங்காந்தளில் உள்ளது. மூலனூர், தாராபுரம் பகுதிகளில் அதன் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். கீல்வாதத்துக்கு மருந்தாகும் அப்பொருள், அளவு மிஞ்சினால் ஆளைக் கொல்லும். 'தாவரத்திலிருந்து வந்தது, ஆகவே தீங்கற்றது' என்று எண்ணுவோர் செங்காந்தளை நினைவில் கொள்ள வேண்டும்.

குரோமோசோம் ஆய்வில் இந்தியாவில் பெயர் பெற்ற இடம் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறை. அங்குப் பணியாற்றிய அர்ச்சனா சர்மா, 1975-இல் பட்நாகர் பரிசு பெற்றவர். அவரும் கீதா தாலுக்தாரும் உடன் ஆய்வாளர்களும் 1990-இல் வெளியிட்ட ஆய்வு நம் பொருளுக்கு நேரே உரியது. சுண்டெலிகளுக்கு ஏழு நாள் நெல்லிக்கனிச் சாற்றைக் கொடுத்தனர். பிறகு காரீய உப்பையும் அலுமினிய உப்பையும் செலுத்தினர். எலும்பு மச்சையின் உயிரணுக்களை ஆராய்ந்தபோது, நெல்லிச் சாறு உண்ட எலிகளில் குரோமோசோம் முறிவுகள் குறைந்திருந்தன.

நெல்லியில் வைட்டமின் சி மிகுதி. அதுவே காரணமாக இருக்கலாம் அல்லவா? அவர்களும் அப்படித்தான் கேட்டனர். எனவே வேறொரு தொகுதி எலிகளுக்கு, சாற்றில் உள்ள அளவுக்கு இணையான தனி வைட்டமின் சி-யைக் கொடுத்துப் பார்த்தனர். அது நெல்லிச் சாற்றுக்கு ஈடாகவில்லை. கனியில் உள்ள துவர்ப்புப் பொருள்களாகிய டானின்களும் பிறவும் சேர்ந்தே அந்தக் காப்பைத் தருகின்றன என்று கருத இது இடம் தந்தது. ஒரு தாவரப் பொருளை அதன் புகழ்பெற்ற ஒரே சத்தாகச் சுருக்கிவிடக் கூடாது என்பதற்கு இவ்வாய்வு நல்ல பாடம்.

தமிழ்நாட்டு ஆய்வுக்கூடங்கள்

தமிழ்நாட்டிலும் இத்துறையில் பணி நடந்துள்ளது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ உயிர்வேதியியல் துறையில் வரலட்சுமியும் குழுவினரும் மாவிலங்கப் பட்டையில் உள்ள 'லூபியால்' என்ற பொருளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். காட்மியம் ஏறிய எலிகளின் சிறுநீரகத்தில் லூபியால் கேட்டைக் குறைத்தது என்று 2000-இல் வெளியிட்டனர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பாரி, முருகவேல் ஆகியோர் பூண்டில் உள்ள, நான்கு கந்தக அணுக்கள் வரிசையாய் அமைந்த ஒரு சேர்மத்தைக் காட்மியத்துக்கு எதிராகச் சோதித்து 2007-இல் நல்ல பயன் கண்டனர். அதே ஆண்டில் குவாலியரில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தில் ஃப்ளோராவின் குழு, முருங்கை விதைப்பொடி சுண்டெலிகளை ஆர்சனிக்கின் கேட்டிலிருந்து ஓரளவு காத்தது என்று காட்டியது.

எலியில் கண்டது மனிதனுக்கும் பொருந்துமா? இக்கேள்விக்கு விடையளிக்க முயன்ற ஆய்வுகள் மிகச் சிலவே. ஈரானில் கார் மின்கலத் தொழிலாளர் 117 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பூண்டு மாத்திரையும் மறு பிரிவுக்குப் பெனிசிலமினும் நான்கு வாரம் கொடுத்தனர். இரு பிரிவிலும் இரத்தக் காரீயம் குறைந்தது. பூண்டுப் பிரிவில் பக்க விளைவுகள் குறைவாக இருந்தன. இது 2012-இல் வெளிவந்தது. மேற்கு வங்கத்தில் ஆர்சனிக் கலந்த நிலத்தடி நீரைப் பல்லாண்டு குடித்த மக்களுக்கு, மஞ்சளின் குர்க்குமினை மிளகின் பைப்பரினோடு சேர்த்து மூன்று மாதம் கொடுத்து, அவர்களுடைய இரத்த உயிரணுக்களின் டி.என்.ஏ. சிதைவு குறைந்ததாகக் கல்கத்தாவின் சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தார் 2010-இல் அறிவித்தனர். நம்பிக்கை தரும் தொடக்கங்கள் இவை. முடிந்த முடிபுகள் அல்ல.

மஞ்சளின் கணக்கு

குர்க்குமினை 1815-இல் வோகல், பெல்லத்தியே ஆகியோர் மஞ்சளிலிருந்து பிரித்தனர். அதன் அமைப்பை 1910-இல் மிலோபெட்ஸ்கா, கோஸ்டனெக்கி, லாம்பே ஆகியோர் கண்டனர். மூலக்கூறின் நடுவே இரு ஆக்சிஜன்கள் அருகருகே அமைந்துள்ளன. அவையே உலோகத்தைப் பற்றும் கொடுக்கு. ஊதா-நீல ஒளியை விழுங்குவதால் அது மஞ்சளாகத் தெரிகிறது. சுண்ணாம்பு சேர்த்தால் மூலக்கூறு ஹைட்ரஜனை இழந்து, விழுங்கும் ஒளியின் அலைநீளமும் மாறிவிடும். மணமக்களுக்குச் சுற்றும் ஆலத்தி நீர் சிவப்பதன் காரணம் இதுவே. உலோகம் பிணையும்போதும் இப்படியே நிறம் மாறும்.

குர்க்குமின் மூன்றாம் வழியிலும் வேலை செய்கிறது. ஜப்பானில் யமமோட்டோவின் குழு 1990-களின் இறுதியில், உயிரணுவில் குளூட்டாதயோன் முதலிய காப்புப் பொருள்களின் உற்பத்தியை முடுக்கும் ஒரு விசையையும் அதை அடக்கி வைத்திருக்கும் காவற்புரதத்தையும் கண்டது. அக்காவற்புரதத்தின் கந்தக முனைகளைக் குர்க்குமின் தொட்டால் பிடி தளர்ந்து விசை இயங்குகிறது. மெல்லிய சீண்டல் ஒன்று, உயிரணுவைப் பெரும் தாக்குதலுக்கு ஆயத்தப்படுத்துகிறது எனலாம்.

இனி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எலி ஆய்வுகளில் ஒரு கிலோ உடல் எடைக்கு 100 மில்லிகிராம் குர்க்குமின் கொடுப்பது வழக்கம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அப்படியே பெருக்கினால் 6 கிராம் ஆகிறது. எலியின் உடலியக்கம் வேகமானதாதலால் மனிதனுக்கு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு போதும் என்பது மருந்தியலார் கணக்கு. அப்படியானால் 1 கிராம். மஞ்சள் தூளில் குர்க்குமின் நூற்றுக்கு நான்கு பங்கு என்று கொண்டால், அதற்கு 25 கிராம் தூள் வேண்டும். நம் வீட்டுக் குழம்பிலும் பொரியலிலும் ஒருவர் நாளொன்றுக்கு உண்பது இரண்டு கிராம் இருக்கலாம். மேலும், உண்ட குர்க்குமினில் மிகச் சிறு பங்கே இரத்தத்தில் சேர்கிறது. மிளகின் பைப்பரினோடு கொடுத்தால் அது 20 மடங்கு கூடுவதாகப் பெங்களூரில் 1998-இல் கண்டனர். அதற்கும் ஒரு மறுபுறம் உண்டு: மிகு அளவு குர்க்குமின் மாத்திரைகளால், குறிப்பாகப் பைப்பரின் சேர்ந்தவற்றால், கல்லீரல் பாதிக்கப்பட்டோர் பற்றிய செய்திகள் அண்மை ஆண்டுகளில் மேலைநாட்டு மருத்துவ இதழ்களில் வந்துள்ளன. குர்க்குமினின் கொடுக்கு இரும்பையும் பற்றும். இரும்புச் சத்துக் குறைந்த உணவு உண்ட சுண்டெலிகளில் அது குறைவை மேலும் கூட்டியது. இரும்பு குறைந்த உடலோ காரீயத்தை அதிகமாக உறிஞ்சும்! சோகை மிகுந்த நம் நாட்டில் இது எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

ஆகவே அன்றாட உணவில் சேரும் மஞ்சள் நல்லது. ஆனால் அது உலோக நஞ்சுக்கு மருந்து என்று எண்ணுவது கணக்குக்கு ஒவ்வாது.

காவலனே களவாளியானால்?

மஞ்சளின் கதையில் வேதனையான ஒரு திருப்பமும் உண்டு. மங்கிய கிழங்கைப் பளிச்சிடச் செய்வதற்காகச் சில வணிகர்கள் மெருகேற்றும்போது காரீயக் குரோமேட் என்ற மஞ்சள் நிறமியைச் சேர்ப்பதுண்டு. காரீயம், குரோமியம் ஆகிய இரு நஞ்சுகள் ஒரே பொருளில்! வங்கதேசத்தில் 1980-களில் வெள்ளத்தால் மஞ்சள் காயாமல் நிறம் மங்கியபோது இவ்வழக்கம் பரவியதாக அங்குள்ளோர் கூறினர். அங்குக் கருவுற்ற பெண்களின் இரத்தத்தில் காரீயம் மிகுந்திருந்தது ஏன் என்று தேடிய ஆய்வாளர்கள், பெட்ரோல் இல்லை, தொழிற்சாலை இல்லை, எங்கிருந்து வருகிறது என்று திகைத்தனர்.

இங்கே இயற்பியல் துணைக்கு வந்தது. காரீயத்துக்கு 204, 206, 207, 208 என்ற நிறையெண்களுடைய நான்கு நிலையான ஐசோடோப்புகள் உண்டு. அவற்றின் விகிதம் சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறும். அதனால் அது கைரேகை போலப் பயன்படும். இரத்தக் காரீயத்தின் விகிதமும் மஞ்சளில் கலந்த நிறமியின் விகிதமும் ஒத்திருந்தன. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபோர்சைத்தும் டாக்கா ஆய்வாளர்களும் இதை 2019-இல் வெளியிட்டனர். வங்கதேச அரசு உடனே செயற்பட்டது. கையடக்க எக்ஸ்-கதிர்க் கருவியோடு சந்தைக்குச் சென்ற அலுவலர்கள் நொடிகளில் கலப்படத்தைக் கண்டு தண்டம் விதித்தனர். 2019-இல் சந்தை மாதிரிகளில் நூற்றுக்கு 47-இல் இருந்த கலப்படம் 2021-இல் இல்லாமற்போயிற்று. முறிவு மருந்து எதுவும் கொடுக்காமலேயே, தொழிலாளர்களின் இரத்தக் காரீயமும் இறங்கியது.

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சளுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. நிறத்தின் பளபளப்புக்கு விலை கொடுக்கும் வரை கலப்படத்துக்கும் இடம் இருக்கும். குர்க்குமின் அளவையும் தூய்மையையும் அளந்து விலை வைக்கும் வழக்கம் வளர வேண்டும்.

நம் சித்த மருத்துவம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இரசம், கந்தகம், பாடாணம் முதலியவற்றை மூலிகைச் சாறுகளால் 'சுத்தி' செய்யும் முறைகளை அந்நூல்கள் விரிவாகக் கூறுகின்றன. உலோகத்துக்குத் தாவரத்தை எதிர்வைக்க வேண்டும் என்று நம் முன்னோர் எண்ணியிருந்தனர் என்பது போற்றத்தக்கது. ஆனால் சாறு எதுவாயினும் பாதரச அணுவை மறையச் செய்ய முடியாது. அதன் சேர்மத்தை மாற்றலாம், கரையும் தன்மையைக் குறைக்கலாம், அவ்வளவே. 2004-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற தெற்காசிய மூலிகை மருந்துகள் 70-ஐச் சோதித்தபோது, 14-இல் காரீயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இருந்தன. ஆகவே சுத்தி முறையாக நடந்ததா என்பதை ஒவ்வொரு முறையும் கருவி கொண்டு அளப்பதே மரபுக்கும் பெருமை தரும். ஆலன் வால்ஷ் 1955-இல் ஆஸ்திரேலியாவில் உருவாக்கிய அணு உட்கவர் நிறமாலை முறை, பத்து லட்சத்தில் ஒரு பங்கு உலோகத்தையும் காட்டிவிடும்.

வரலாறு கற்பிப்பது

உலக நலவாழ்வு நிறுவனம் 2021-இல் வெளியிட்ட நெறிமுறை இவ்வரலாற்றின் சாரத்தைச் சில வரிகளில் தருகிறது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் காரீயம் இருந்தாலே, அது எங்கிருந்து வருகிறது என்று கண்டு தடுக்க வேண்டும். சுண்ணாம்பும் இரும்பும் குறைந்த உணவு உண்ணும் சிறுவர்க்கு அச்சத்துகளைத் தர வேண்டும். சிறுவர்க்குக் கொடுக்கு மருந்து 45 மைக்ரோகிராமுக்கு மேல்தான். முதலில் ஊற்றை அடைப்பது, பிறகு உணவு, கடைசியில் மருந்து என்பதே வரிசை.

இவ்வரிசையில் நம் தாவரங்களுக்கு நல்ல இடம் உண்டு. கேழ்வரகு தரும் சுண்ணாம்புச் சத்து, கீரை, நெல்லி, பூண்டு, மஞ்சள் ஆகியவை நிறைந்த உணவு, உயிரணுவின் சொந்தப் படையை வலுவாக வைத்திருக்கும். அவற்றிலிருந்து நல்ல மருந்துகளும் நாளை வரலாம். அதற்கு எலியோடு நில்லாமல் மனிதரிடம் முறையாகச் சோதிக்க வேண்டும். ஆனால் முலாம் பட்டறையில் கையுறையும் காற்றோட்டமும் இன்றி உழைக்கும் ஒருவரிடம் 'பூண்டும் மஞ்சளும் சேர்த்துக்கொள்' என்று சொல்லி அனுப்புவது அறிவியலாகாது. அது அவருக்குச் செய்ய வேண்டிய கடமையைத் தட்டிக் கழிப்பதாகும். 1985-இல் சர்ப்பகந்தியின் உயிரணுக்கள் காட்மியத்தைக் கட்டிப்போட்டன என்பது உண்மை. ஆயினும் அவற்றிலும் காட்மியம் மறைந்துவிடவில்லை. கட்டுண்டு உள்ளேயே இருந்தது. மண்ணிலும் நீரிலும் நாம் விடும் உலோகமும் அவ்வாறே எங்கோ ஓரிடத்தில் இருந்துகொண்டே இருக்கும். செடி தன்னால் இயன்றதைச் செய்கிறது. நொய்யலையும் காளிங்கராயன் வாய்க்காலையும் தூய்மையாக வைத்திருப்பது நம் பங்கு.